அடுத்து வாங்குபவர் யார்? புக்கிட் மெர்தாஜாம் புறநகர்களும் வீட்டின் மறுவிற்பனையும்

புக்கிட் மெர்தாஜாமில் வீடு தேடும் குடும்பத்தின் மேசையில் இன்று பெரும்பாலும் மூன்று தாள்கள் கிடக்கும். ஒன்று, அல்மாவில் இருபது ஆண்டு பழைய இரட்டை மாடித் தொடர்வீடு. இன்னொன்று, சிம்பாங் அம்பாட் பக்கம் இன்னும் கட்டி முடியாத புதுவீடு. மூன்றாவது, பினாங்கின் இரண்டாம் பாலத்துக்கு அருகே பத்து காவானில் ஓர் அடுக்குமாடி வீடு. மூன்றுக்கும் மாதத் தவணை ஏறக்குறைய ஒன்றாகவே வரக்கூடும். எதை வாங்கினால் பத்து ஆண்டு கழித்து நல்ல விலைக்குக் கைமாறும் என்ற பேச்சு கல்யாண மண்டபத்திலும் கோயில் வாசலிலும் தவறாமல் வருகிறது. பதில்களும் உடனே வருகின்றன: பாலம் வந்துவிட்டது, இனி அந்தப் பக்கம்தான், தரைவீடு என்றைக்கும் விலை இறங்காது, இடம் பார்த்து வாங்கு, மற்றதெல்லாம் பிறகு.

இந்தப் பதில்களில் எது எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டாரத்தின் புகழை வைத்து மறுவிற்பனையைக் கணிப்பது ஏமாற்றும். நம்மிடமிருந்து வாங்கப் போகிறவர் யார், அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர், சட்டமும் வங்கியும் அவர்களை வாங்க விடுமா, அதே நாளில் அவர்கள் கண்முன் விற்பனைக்கு நிற்கும் வேறு வீடுகள் எத்தனை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணிப்பு ஓரளவேனும் கைகொடுக்கும்.

1. வட்டாரமும் அதன் வாங்குநர்களும்

புக்கிட் மெர்தாஜாம் அடங்கிய செபராங் பிறை, 1800இல் கெடா சுல்தானிடமிருந்து பிரிட்டிஷார் பெற்ற நிலப்பகுதி. நெடுங்காலம் அது பினாங்குத் தீவின் பின்கட்டாகவே பார்க்கப்பட்டது. இன்று நிலைமை வேறு. 2019 செப்டம்பரில் செபராங் பிறைக்கு மாநகர் தகுதி கிடைத்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பினாங்குத் தீவில் வாழ்வோரைவிட இக்கரையில் வாழ்வோரே அதிகம். தீவில் நிலம் சுருங்கி விலை ஏறியதால் குடும்பங்கள் கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தன. 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலம் அந்தப் பெயர்ச்சிக்கு வழி அமைத்தது.

புக்கிட் மெர்தாஜாம் இதில் நடுநாயகமான இடம். மேற்கே பிறை தொழிற்பேட்டை, தெற்கே புக்கிட் மின்யாக், கிழக்கே கெடா எல்லைக்கு அப்பால் 1996இல் தொடங்கிய கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா, கடலுக்கு அப்பால் பாயான் லெப்பாஸ். நான்கு இடங்களிலும் மின்னணு, இயந்திரத் தொழிற்சாலைகள். கணவனுக்குக் கூலிமிலும் மனைவிக்குப் பிறையிலும் வேலை என்றால், இடையில் குடியிருக்கத் தோதான ஊர் இதுதான். இங்கே வீடு வாங்குபவர்களில் பெரும்பாலோர் முதலீட்டாளர்கள் அல்லர். மாதச் சம்பளத்தில் கடன் கட்டும் இரட்டை வருமானக் குடும்பங்கள். இதை மனத்தில் வைத்தால் மற்றவை விளங்கத் தொடங்கும்.

நகர்ப் பொருளியலில் இதற்கு ஒரு கோட்பாடு உண்டு. 1964இல் வில்லியம் அலோன்சோ எழுதிய நூல், வேலைத்தலத்திலிருந்து விலகி வாழ்பவர் நில விலையில் மிச்சம் பிடித்ததைப் பயணச் செலவில் கொடுக்கிறார் என்று காட்டியது. ஆனால் அவருடைய மாதிரியில் நகருக்கு ஒரே ஒரு மையம். புக்கிட் மெர்தாஜாமுக்கு நான்கு வேலை மையங்கள். அதனால் நகர மையத்துக்கு எவ்வளவு அருகே என்ற கேள்வி இங்கே பலன் தருவதில்லை. எத்தனை வேலைத்தலங்களுக்கு அரைமணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்று கேட்க வேண்டும். அல்மாவுக்கும் மாச்சாங் பூபோக்குக்கும் கூலிம் கிட்டே. ஜூருவுக்கும் புக்கிட் மின்யாக்குக்கும் நெடுஞ்சாலை கிட்டே. பத்து காவானுக்குப் பாயான் லெப்பாஸ் கிட்டே. ஒரே ஒரு வேலைத்தலத்தை நம்பி நிற்கும் வீட்டைவிட, இரண்டு மூன்றுக்கு எட்டும் வீட்டுக்கு வாங்குநர்கள் அதிகம். ஒரு தொழிற்சாலை ஆள்குறைத்தாலும் அடுத்ததில் வேலை பார்ப்பவர் வருவார்.

2. லயத்திலிருந்து தாமானுக்கு

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி வேறொரு கனத்தோடும் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இன்று தாமான் எனப்படும் குடியிருப்புத் திட்டங்களும் பேரங்காடியும் நிற்கும் அல்மா, ஒருகாலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயர். பத்து காவானும் தோட்டம்தான். ஜூரு தோட்டத் தமிழ்ப்பள்ளி, பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பள்ளிகளின் பெயரில் மட்டும் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்தில் வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. மூன்று தலைமுறை ஒரே தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்திருந்தாலும் அந்தச் சுவரில் ஓர் ஆணியளவு உரிமைகூட அவர்களுக்கு இல்லை. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது இந்த உண்மை நெஞ்சில் அறைந்தது. 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணம் அதுவே. தொழிலாளி தன் சேமிப்பைச் சிறுகச் சிறுகப் போட்டு நிலத்துக்குப் பங்காளி ஆகலாம் என்ற எண்ணம் அப்போது புதிது.

ஆகவே இன்று புக்கிட் மெர்தாஜாமில் கிராண்ட் எனப்படும் நிலப்பட்டாவில் தன் பெயரைப் பார்க்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு அதுவே வம்சத்தின் முதல் சொத்து. ஊழியர் சேமநிதியிலிருந்து முன்பணத்துக்கு எடுத்த தொகை, மனைவியின் நகை, தம்பியிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் ஒரே சுவருக்குள் போகின்றன. பங்குச் சந்தையில் நட்டப்படுபவருக்கு வேறு சொத்து இருக்கலாம். இவர்களுக்கு இந்த வீடுதான் ஓய்வூதியம், பிள்ளையின் மேற்படிப்பு, அவசர மருத்துவச் செலவு. விற்க வேண்டி வந்தால் விற்க முடிய வேண்டும். அதனால்தான் மறுவிற்பனை பற்றிய பேச்சை வெறும் பேராசை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

3. 'பெரிய திட்டம் வருகிறது' என்ற வாதம்

வீட்டு விற்பனைக் கூடங்களில் அதிகம் கேட்கும் வாதம் இது. இதற்குப் பத்து காவானைவிடச் சிறந்த சான்று கிடையாது. சுல்தான் அப்துல் ஹலிம் முவட்ஸாம் ஷா பாலம் என்று பெயர் பெற்ற 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் 2014 மார்ச் 1 அன்று திறந்தது. 2019 மார்ச்சில் ஐகியா கடை வந்தது. அனைத்துலகத் தொழிற்சாலைகள் அணிவகுத்தன. இவற்றைக் கண்ட எவரும் திட்டம் பொய் என்று சொல்ல முடியாது.

ஆனால் காலத்தையும் கவனிக்க வேண்டும். பத்து காவானைப் புதுநகராக்கும் எண்ணம் 1990களிலேயே இருந்தது. 2000ஆம் ஆண்டு சுக்மா எனப்படும் மலேசிய விளையாட்டுகளுக்காக அங்கே பெரிய விளையாட்டரங்கம் எழுந்தபோது சுற்றிலும் செம்பனை மரங்கள்தான். அரங்கத்துக்கும் பாலத்துக்கும் இடையே 14 ஆண்டுகள். அறிவிப்பை நம்பி வாங்கியவர், அறிவித்தது நடந்தும்கூட, ஒரு வீட்டுக் கடனின் பாதிக்காலம் காத்திருக்க நேர்ந்திருக்கும். திட்டம் வருமா என்பதோடு, எப்போது வரும், அதற்குள் நாம் விற்க வேண்டி வருமா என்பதையும் கேட்டாக வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று விற்பனைக் கூடத்தில் பேசப்படுவதே இல்லை. திட்டம் வாங்குநர்களை மட்டும் கூட்டிவருவதில்லை. வீடு கட்டுபவர்களையும் கூட்டிவருகிறது. பாலத்தின் இக்கரையில் வெற்று நிலம் ஏராளம். நீங்கள் ஐந்து ஆண்டு குடியிருந்த வீட்டை விற்க வரும் மாதத்தில், சாலைக்கு அப்பால் அதே அளவில் புத்தம்புது வீடு திறப்பு விழா காணும். அங்கே வழக்கறிஞர் கட்டணம் இல்லை, முன்பணத்தில் தள்ளுபடி, சமையலறை அலமாரி இலவசம். மேம்பாட்டாளரால் கொடுக்க முடிந்த இந்தச் சலுகைகளைத் தனி விற்பனையாளரால் கொடுக்க முடியாது. இந்தத் தள்ளுபடிகளால் இன்னொரு குழப்பமும் நேர்கிறது. பத்திரத்தில் எழுதும் விலை ஒன்று, வாங்குபவர் கையிலிருந்து உண்மையில் போகும் தொகை வேறொன்று. பத்திர விலையை அடிப்படையாக்கி 'இங்கே இதுதான் சந்தை விலை' என்று நினைத்தவர், விற்கும் நாளில் வங்கியின் மதிப்பீடு அதைவிடக் குறைந்திருப்பதைக் கண்டு திகைக்கிறார்.

விற்காமல் தேங்கும் வீடுகளைப் பற்றிய அரசுக் கணக்கை நாபிக் எனப்படும் தேசியச் சொத்துத் தகவல் மையம் வெளியிடுகிறது. கட்டி முடித்துக் குடியேறும் தகுதிச் சான்று பெற்று, விற்பனைக்கு வந்து ஒன்பது மாதம் கடந்தும் விற்காத வீடுகள் அந்தக் கணக்கில் வரும். நம்முடைய பழைய வீடு அதில் சேராது. ஆனால் அந்தத் தேங்கிய வீடு ஒவ்வொன்றும் நம் வீட்டோடு போட்டிக்கு நிற்பதுதான். ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே இன்னும் எவ்வளவு வெற்று நிலம், அது யார் கையில், அதில் என்ன கட்ட அனுமதி என்று விசாரிப்பது, என்ன பேரங்காடி வருகிறது என்று விசாரிப்பதைவிடப் பயனுள்ளது.

இந்த அளவுகோலில் அல்மா வேறுபட்டு நிற்கிறது. அதன் பழைய தாமான்கள் நிரம்பிவிட்டன. ரோசான் சாலையில் 2014இல் திறந்த ஏயோன் பேரங்காடி, குடியிருப்பு வளர்ந்த பின் வந்தது. அதாவது அங்கே வாங்குநர்கள் ஏற்கெனவே இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. பக்கத்து மனையில் புதிய வரிசை எழும் என்ற அச்சம் அங்கே குறைவு.

4. சராசரி விலை மறைப்பவை

'இந்த வட்டாரத்தில் ஐந்தாண்டில் இவ்வளவு ஏறியிருக்கிறது' என்ற புள்ளிவிவரத்தை நம்புவதற்கு முன் ஒரு சிக்கலைப் பார்க்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் முன்பு ஒரு மாடித் தொடர்வீடுகளே விற்றன. இப்போது மூன்று மாடி இணைவீடுகள் விற்கின்றன. சராசரி விலை இரட்டிப்பாகும். பழைய ஒரு மாடி வீடு ஒரு காசுகூட ஏறாமல் இருந்திருக்கலாம். அமெரிக்காவில் கார்ல் கேஸும் ராபர்ட் ஷில்லரும் 1980களில் இதே காரணத்துக்காகத்தான் ஒரே வீடு இரண்டாம் முறை விற்கும்போது என்ன விலை போனது என்பதை மட்டும் எடுத்துக் குறியீடு அமைத்தார்கள்.

சாதாரணக் குடும்பமும் இதைச் சிறு அளவில் செய்து பார்க்கலாம். வாங்க நினைக்கும் தாமானில், அதே வரிசையில், அதே அமைப்பில் உள்ள இரண்டு மூன்று வீடுகள் கடைசியாக எந்த ஆண்டில் என்ன விலைக்குக் கைமாறின என்று கேட்டறிய வேண்டும். பரிவர்த்தனை விவரங்கள் நாபிக்கில் உண்டு. உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரிடமும் கிடைக்கும். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை கேட்கும் விலை மட்டுமே. ஒரே வீட்டின் விளம்பரம் ஓர் ஆண்டாகத் தொங்குகிறது என்றால், அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

5. பள்ளிக்கூடம்: இரண்டு எடைகள்

1974இல் ஷெர்வின் ரோசன் முன்வைத்த கோட்பாட்டின்படி, வீடு என்பது பல பண்புகளின் மூட்டை. அறை எண்ணிக்கை, நில அளவு, பேருந்து, பள்ளி ஒவ்வொன்றுக்கும் மறைவான ஒரு விலை உண்டு. பள்ளிக்கான விலையை மாசசூசெட்ஸில் சாண்ட்ரா பிளாக் 1999இல் கணக்கிட்டார். பள்ளி எல்லைக் கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு, தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் பெற்றோர் சுமார் 2.5 விழுக்காடு அதிக விலை தருகிறார்கள் என்று கண்டார்.

இந்த அளவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இங்கே பெற்றோர் முதலில் தேர்ந்தெடுப்பது பள்ளியின் மொழியை. புக்கிட் மெர்தாஜாமில் ஜிட் சின் பள்ளிகளின் பெயர் சீனக் குடும்பங்களிடையே எவ்வளவு செல்வாக்கு உடையது என்பதை ஊரார் அறிவார்கள். அந்தப் பள்ளிகளுக்குப் பிள்ளையை நேரத்துக்குக் கொண்டுசேர்க்க முடியும் என்பது ஒரு வீட்டை விற்க உதவும் வாசகம். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு இருப்பது தமிழ்க் குடும்பத்துக்குப் பெரும் பேறு. ஆனால் மாநில மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். நம் வீட்டை அடுத்து வாங்கப் போகிறவர் தமிழராக இல்லாமலிருக்கும் வாய்ப்பே அதிகம். அவருக்கு அந்த அருகாமையின் விலை பூஜ்யம்.

இதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் மறைத்தால் கணக்குத் தவறும். தமிழ்ப்பள்ளிக்கு அருகே வாங்குவது சரியான முடிவாக இருக்கலாம். பிள்ளைக்கு ஆறு ஆண்டு கிடைக்கும் மொழிக்கும் நட்புக்கும் ஈடு கிடையாது. அதை வாழ்வதற்கான காரணமாக எழுதிக்கொள்ள வேண்டும், விற்பனைப் பத்தியில் அல்ல. பூஜை அறைக்குப் பளிங்கு பதிப்பதும் அப்படித்தான். வாடகைக்கு விட எண்ணுபவர்களும் ஓர் உண்மையை எதிர்கொள்ள வேண்டும். இந்தியர்களுக்கு வீடு தருவதில்லை என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்யும் வழக்கம் இந்த நாட்டில் இருந்துவருகிறது. சந்தை நிறம் பார்க்கிறது. அது அநீதி, மாற வேண்டியது.

எல்லா இனத்தாரும் ஒருமனமாக ஒதுக்கும் வீடுகளும் உண்டு. சாலை நேராக வந்து வாசலில் முட்டும் வீட்டை நாம் தெருக்குத்து என்கிறோம்; சீனர்களின் ஃபெங் சுயியும் அதையே விலக்குகிறது. சீனர்கள் ஒதுக்கும் 4 என்ற எண்ணைத் தவிர்க்க 3ஏ என்று கதவிலக்கம் போடும் வழக்கம் பல தாமான்களிலும் தெரிந்ததே. உயர் அழுத்த மின்கம்பியின் அடியில், சுடுகாட்டுச் சுவரை ஒட்டி, சாக்கடை முகப்பில் நிற்கும் வீடுகளும் அவ்வாறே. நம்பிக்கை நமக்கு இருக்கிறதா என்பது இங்கே பொருட்டில்லை. அடுத்தவருக்கு இருந்தால் போதும், விலையில் தெரியும்.

6. மண்ணின் பெயர்களைப் படித்தல்

செபராங் பிறையின் பெரும்பகுதி ஆற்றுவண்டலும் சதுப்பும் வயலுமான தாழ்நிலம். மலாய்க் கிராமத்தார் இந்த நிலத்தை நன்கு அறிந்தே பெயரிட்டார்கள். பெர்மாத்தாங் என்றால் தாழ்நிலத்துக்கு நடுவே நீண்டு கிடக்கும் மணல்மேடு. வீடுகள் மேட்டில், வயல் பள்ளத்தில் என்பது பழைய அமைப்பு. பெர்மாத்தாங் பாவ், பெர்மாத்தாங் திங்கி என்ற பெயர்கள் அதிலிருந்து வந்தவை. ராவா என்றால் சதுப்பு. குபாங் என்றால் எருமை புரளும் நீர்க்குட்டை. சுங்கை ஆறு. தானா லியாட் களிமண். புக்கிட் என்றால் குன்று; புக்கிட் மெர்தாஜாம் என்ற பெயரிலேயே ஒரு குன்று இருக்கிறது. அந்தக் குன்றின் அடிவாரத்தில், புனித அன்னாள் திருத்தலத்தின் வளாகத்தில், பல்லவ எழுத்துமுறை சார்ந்த சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. 1845இல் ஜேம்ஸ் லோ அதைக் கண்டறிந்தார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வந்தவர்களும் மேட்டைத் தேடியே நின்றிருக்கிறார்கள்.

பெயர் ஒன்றே சான்றாகிவிடாது. மேம்பாட்டாளர்கள் பள்ளத்தை நிரப்பி மேடாக்கியிருக்கிறார்கள். பழைய மேடு, சுற்றிலும் நிரப்பிய பின் பள்ளமாகிப் போனதும் உண்டு. இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது. பழைய தாமானுக்குப் பக்கத்தில் புதிய தாமான் ஒரு மீட்டர் உயரத்தில் எழுந்தால், மழைநீர் எங்கே போகும்? 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு கண்ட பெருவெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இங்கே வீடு வாங்குவது அறியாமை.

விற்பவர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லமாட்டார். வீடு சொல்லிவிடும். ஒருமுறை ஒரு தொடர்வீட்டைப் பார்க்கப் போனேன். முன்கூடம் புதுச் சாயத்தில் பளபளத்தது. சமையலறைப் பின்கதவின் அடியில் மட்டும் ஒரு சாண் உயரத்துக்குச் சிமெண்டுத் திண்டு; தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. சலவை எந்திரம் செங்கல் மேடையில் இருந்தது. கூடத்தின் மின்செருகிகள் எல்லாம் இடுப்பு உயரத்தில். வெளியே வேலித்தூணில், முழங்காலுக்குச் சற்று மேலே, சாயத்தையும் மீறி ஒரு மங்கிய பழுப்புக் கோடு. முகவர் எதையும் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "வருஷம் வருஷம் இல்லப்பா, பெரிய மழைக்குத்தான்" என்றார். நாம் விற்கப் போகும்போது வருபவரும் அந்தப் பாட்டியிடம் கேட்பார்.

7. கிராண்ட்டில் எழுதியிருப்பது

வாங்குநர்களின் வட்டத்தைச் சட்டமும் சுருக்குகிறது. நிரந்தர உரிமை நிலமா, 99 ஆண்டுக் குத்தகை நிலமா என்பது முதல் கேள்வி. பக்கத்துப் பக்கத்துத் தாமான்களிலேயே இது மாறும். குத்தகை நிலத்தை மாற்றிக்கொடுக்க மாநில அரசின் ஒப்புதல் தேவைப்படுவதால் மாதங்கள் கூடும். எஞ்சிய ஆண்டுகள் குறையக் குறைய வங்கிகள் கடனைச் சுருக்கும். தொடக்கத்தில் விலை குறைவு என்ற ஆறுதல், நாற்பது ஆண்டு கழிந்த வீட்டை விற்கும்போது திரும்பிக் கடிக்கும்.

பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடுகளுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் யாரிடம், எப்போது விற்கலாம் என்ற கட்டுப்பாடு உண்டு. மலிவுவிலை வீடு வாழ்வதற்கு மிக நல்ல தொடக்கம். உடனடி மறுவிற்பனையை எண்ணி வாங்க வேண்டியதன்று. அடுக்குமாடியில் 2013ஆம் ஆண்டின் அடுக்குமனை நிர்வாகச் சட்டத்தின்படி பராமரிப்புக் கட்டணமும் சேமிப்பு நிதியும் செலுத்தியாக வேண்டும். நிர்வாகம் கெட்டால் மின்தூக்கி நிற்கும், சுவர் கறுக்கும். நம் வீட்டின் உள்ளே என்னதான் அழகு செய்தாலும் வாங்க வருபவர் வாகன நிறுத்தத்திலேயே திரும்பிவிடுவார். தொடர்வீட்டில் பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறைக்கு மாநகர் மன்ற அனுமதி இல்லையென்றால், மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடும். 'தரைவீடு என்றைக்கும் விலை இறங்காது' என்ற நம்பிக்கை இத்தனை நிபந்தனைகளின் மேல்தான் நிற்கிறது.

8. ஒரு கணக்கு

உதாரணத்துக்கு 500,000 ரிங்கிட் வீடு, 90 விழுக்காடு கடன், 4 விழுக்காடு வட்டி, 35 ஆண்டுத் தவணை என்று கொள்வோம். உரிமை மாற்று முத்திரைத் தீர்வை முதல் லட்சத்துக்கு 1 விழுக்காடும் மீதிக்கு 2 விழுக்காடுமாக 9,000 ரிங்கிட். கடன் பத்திரத் தீர்வை 2,250. வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு வீதம் வாங்கல் பத்திரத்துக்கு 6,250, கடன் பத்திரத்துக்கு 5,625. ஆக உள்ளே நுழையவே 23,125 ரிங்கிட். முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு அண்மை ஆண்டுகளில் முத்திரைத் தீர்வை விலக்கு கிடைத்துவருகிறது. கிடைத்தால் இதில் 11,250 மிச்சம்.

நான்கு ஆண்டு கழித்து அதே வீடு 550,000 ரிங்கிட்டுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உறவினர்கள் ஐம்பதாயிரம் லாபம் என்பார்கள். முகவர் கழிவு 3 விழுக்காடு என்றால் 16,500. நுழைந்த செலவையும் இதையும் கழித்தால் 10,375 மிஞ்சும். இந்த நான்கு ஆண்டில் வங்கிக்குக் கட்டிய சுமார் 95,600 ரிங்கிட்டில் ஏறத்தாழ 70,000 வட்டிக்கே போயிருக்கும். அசல் குறைந்தது 25,600 அளவே. வாடகை மிச்சமானது என்று ஆறுதல் கொள்ளலாம், அது நியாயமும்கூட. ஆனால் லாபம் என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. சொத்து ஆதாய வரி வேறு: குடிமக்களுக்கு முதல் மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15, 2022 முதல் ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை. தன் குடியிருப்பு வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்கு கேட்கலாம்.

இதனால் ஐந்தாண்டுக்குள் வேலை மாறி ஊர் விட வாய்ப்புள்ளவர் வட்டாரத்தை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதைவிட வாடகைக்கு இருப்பது மேல். வாங்கியவர் மனமும் ஒரு தடை. டேவிட் ஜெனசோவும் கிறிஸ்டோபர் மேயரும் 2001இல் வெளியிட்ட பாஸ்டன் ஆய்வு, வாங்கிய விலையைவிடக் குறைத்து விற்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், அந்த இடைவெளியில் 25 முதல் 35 விழுக்காடு வரை கூட்டிக் கேட்கிறார்கள், அதனால் நீண்ட நாள் காத்திருக்கிறார்கள் என்று காட்டியது. நாம் கொடுத்த விலை அடுத்து வாங்குபவருக்கு எந்தச் செய்தியும் அல்ல.

9. தேர்வு

மூன்று தாள்களுக்குத் திரும்புவோம். பத்து ஆண்டு அளவில் குடியிருந்துவிட்டு விற்க எண்ணும், பிறையிலோ கூலிமிலோ வேலை பார்க்கும் குடும்பத்துக்கு நான் அல்மா, மாச்சாங் பூபோக் பக்கத்து நிரம்பிய தாமானில் உள்ள பழைய இரட்டை மாடித் தொடர்வீட்டையே சொல்வேன்; நிலம் மேடாக, உரிமை நிரந்தரமாக, வாசல் தெருக்குத்து இல்லாததாக இருக்க வேண்டும். அதன் விலை துள்ளி ஏறாது. ஆனால் விற்க நினைக்கும் மாதத்தில் வாங்க ஆள் இருக்கும். பாயான் லெப்பாஸிலோ பத்து காவான் தொழிற்பேட்டையிலோ நிலையான வேலை உள்ளவர் பத்து காவானில் வாங்கலாம். அவர் வாங்குவது பயண நேரத்தை, நாளைய விலையை அல்ல. சிம்பாங் அம்பாட் புதுவீடு, சுற்றியுள்ள வெற்று நிலம் நிரம்பும்வரை பொறுத்திருக்க முடிந்தவர்களுக்கு உரியது. ஜூரு ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வெள்ள வரலாற்றை விசாரிக்காமல் கை வைக்க வேண்டாம்.

முன்பணம் கட்டும் முன் அந்த வீட்டுக்கு மூன்று முறை போங்கள்: வேலைநாள் காலை ஏழு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை, கனமழை ஓய்ந்த அரைமணி நேரத்தில் ஒருமுறை. மூன்றாம் முறை போகும்போது எதிர்வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.